கை கழுவிவிட்டோமா?

தீபாவளிக்கு முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது என் மனைவி பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். உள்ளே அத்தனையும் மாஸ்க். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று இருந்தன. பட்டுப் புடவைக்குப் பொருத்தமாக அவளே ரவிக்கைத் துணியில் தைத்துக்கொண்டது ஒன்று. பேரனுக்காக வாங்கிய சிங்க மூஞ்சி ஒன்று. மகள் புனேயிலிருந்து கூரியரில் அனுப்பிய என்-95 ஐந்து, பிரிக்காத உறையோடு.

"இதெல்லாம் தூக்கிப் போட்டுரட்டுமா, வச்சிக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான். ஒரு பழைய நட்டு போல்ட்டைக் கூடக் கழித்துக்கட்டும் உத்தரவில் கையெழுத்தாகாமல் வெளியே போட மாட்டோம். "இருக்கட்டும்" என்றேன். பை மறுபடியும் மேல்தட்டுக்குப் போயிற்று. என் மனசுதான் அதோடு போகாமல் கீழேயே நின்றுவிட்டது.

2020 மார்ச் 22ஆம் தேதி நள்ளிரவோடு நாடு முழுவதும் பயணி ரயில்கள் நின்றன. காந்திவிலியில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கார் ஷெட்டுக்குப் போகும் லைன் தெரியும். ஓடாத தண்டவாளத்தின் தலைப்பு பளபளப்பு மங்கிப் பழுப்பேறியதை நாளுக்கு நாள் பார்த்தேன். வெள்ளம் வந்து லோக்கல் நின்றதைப் பார்த்திருக்கிறேன், வேலைநிறுத்தத்தில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். இப்படித் துரு ஏறும்வரை நின்றதைப் பார்த்ததில்லை. அன்று தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் நாம் எல்லோரும் வேறு மனிதர்களாக வாழ்ந்தோம். மளிகைச் சாமான் வாசலிலேயே ஒரு பகல் கிடந்தது. பால் கவரைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினோம். ஊரிலிருந்து கபசுரக் குடிநீர்ப் பொடி பார்சலில் வந்தது. ஆக்ஸிமீட்டரில் விரலை நுழைத்து, 97 காட்டினால் நிம்மதி, 95 காட்டினால் விரலைத் தேய்த்துவிட்டு மறுபடியும். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன்: நான் செய்தித்தாளை இஸ்திரி போட்டுப் படித்தேன்!

இவற்றில் பாதிக்கு மேல் அவசியமில்லாதவை என்று பின்னால் தெரிந்தது. அந்தக் கிருமி பெரும்பாலும் மூச்சுக் காற்றில்தான் வந்தது. பால் கவரில் ஏறி வந்தது மிகக் குறைவு. பால் கவரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அதே நாட்களில், ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட அறையில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். எது சுலபமாகக் கைக்கு அகப்பட்டதோ அதைச் செய்தோம். எது வேண்டியதோ அதைச் செய்தோம் என்று சொல்ல முடியாது.

இப்போது பாருங்கள், கத்தரிக்காய்க் குளியல் போய்விட்டது, போகட்டும். ஆக்ஸிமீட்டரில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது. ஆனால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், இருமுகிறவன் கூட்டத்திலிருந்து ஒதுங்கி இருப்பதும் அவற்றோடு சேர்ந்தே போய்விட்டனவே, அது எப்படி? 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, குடி பாட்வா அன்று, மகாராஷ்டிரத்தில் கட்டுப்பாடுகளெல்லாம் விலக்கப்பட்டன. மாஸ்க் அவரவர் விருப்பம் என்றார்கள். அதற்கடுத்த வாரமே லோக்கலில் என் பிடரியில் ஒருவர் தும்மினார். கையால் கூட வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"பயம் போனால் பழக்கமும் போகும், மனித இயல்பு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், பயம் போன பிறகும் பழக்கம் நின்ற ஓர் ஊரை நான் பார்த்திருக்கிறேன்.

1994 செப்டம்பரில் நான் சூரத்தில் வேலையில் இருந்தேன். கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு. வருகிற வண்டிகளின் பெட்டிகளைப் பரிசோதித்து, பிரேக் பார்த்து, தண்ணீர் நிரப்பி அனுப்புவது எங்கள் வேலை. அந்த வருடம் நல்ல மழை. தாபி நதியில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. செத்த எலியும் மாடும் சகதியும் குப்பையுமாகத் தெருக்கள் நாறிக்கொண்டிருந்தன. மராட்டியத்தில் பீட் மாவட்டத்துப் பக்கம் பிளேக் என்று ஆகஸ்டு கடைசியிலிருந்தே பேச்சு. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்று செய்தி பரவியது. அன்றிரவு தொடங்கி நான்கைந்து நாட்கள் எங்கள் பிளாட்பாரத்தில் நான் கண்டதை இன்றும் மறக்க முடியவில்லை. வைரப் பட்டறைகளிலும் நெசவு ஆலைகளிலும் வேலை செய்த வெளியூர்க்காரர்கள் லட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள். கைக்குட்டை, துண்டு, புடவைத் தலைப்பு, எது கிடைத்ததோ அதை மூக்கில் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு போக வழி கிடைக்காது. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துவிட்டது. டாக்டர்களே சிலர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். கடைசிக் கணக்கில் இறந்தவர்கள் ஐம்பதுக்குச் சற்று மேல்தான். ஆனால் அந்தப் பயத்தில் வெளிநாட்டு விமானங்கள் நின்றன, ஏற்றுமதி நின்றது.

நானும் பயந்தேன். மனைவியையும் நான்கு வயது மகளையும் மும்பையில் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினேன். சரியா தப்பா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. மைத்துனர் இருந்த சாலில், "சூரத்திலிருந்து வந்தவள்" என்று தெரிந்ததும் குழாயடியில் இவள் குடத்தோடு போனால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொள்ளுமாம். ஒரு வாரம் குழந்தையோடு யாரும் தம் பிள்ளைகளை விளையாட விடவில்லை. அதை அவள் மறக்கவில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

பிளேக் சில வாரங்களில் அடங்கியது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். ஆறே மாதத்தில் சூரத் பழைய சூரத்தாகிவிட்டது, குப்பை உட்பட. பயம் மட்டும் போதும் என்றால் அந்த ஊர் அப்போதே திருந்தியிருக்க வேண்டும், திருந்தவில்லை. 1995 மே மாதம் எஸ்.ஆர். ராவ் என்ற அதிகாரி மாநகராட்சிக் கமிஷனராக வந்தார். அதிகாரிகள் தினமும் ஏ.சி. அறையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போக வேண்டும் என்றார். 'ஏ.சி.யிலிருந்து டி.சி.க்கு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ஊரை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலப் பொறுப்பாளருக்கு அங்கேயே முடிவெடுக்கும் அதிகாரம் கொடுத்தார். முக்கியச் சாலைகளை இரவில் பெருக்கும் ஏற்பாடு வந்தது. சுத்தமில்லாத சாப்பாட்டுக் கடைகளுக்கு அபராதம், கேட்காவிட்டால் பூட்டு. பெரிய இடம், சின்ன இடம் என்று பார்க்கவில்லை. 1996இல் இன்டாக் அமைப்பின் கணக்கில் சூரத் சண்டிகருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கியது. இப்போது 2023ஆம் ஆண்டுக்கான தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூரோடு முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டது.

1999 வரை நான் அங்கே இருந்தேன். "சூரத் ஜனங்கள் மாறிவிட்டார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தது அப்படியல்ல. முதலில் மாறியது தெரு. காலையில் வீட்டை விட்டு வெளியே வந்தால் தெரு பெருக்கியிருந்தது. பெருக்கிய தெருவில் குப்பை போட மனிதனுக்குக் கை கூசும். வேறு வழியில்லாமல் ஜனங்கள் மாறினார்கள். கொஞ்ச நாளில் அதுவே அவர்கள் குணம் ஆயிற்று.

இன்னும் பின்னால் போனால் நம் மும்பையே சாட்சி. 1896இல் மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றி ஊரையே காலி செய்தது. 2020இல் நமக்கெல்லாம் போட்ட 1897ஆம் வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டம் அந்தப் பிளேக்கில் பிறந்ததுதான். அதற்கடுத்த 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளே நோய்க்குக் காரணம் என்று அகலத் தெருக்களை வெட்டி, வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் மனை போட்டு, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி விட்டு ஒரு புதுப் பேட்டையை உண்டாக்கினார்கள். அங்கேதான் நம்மவர்கள் வந்து குடியேறி, கோயில் கட்டி, மெஸ் வைத்து, காபி வறுத்து ஒரு சின்னத் தமிழ்நாட்டையே ஏற்படுத்தினார்கள். மாட்டுங்காவில் மரத்தடியில் நின்று காற்று வாங்கும்போது, பிளேக்குக்குப் பயந்து விட்ட இடைவெளியில்தான் நிற்கிறோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? நினைவிருக்க வேண்டியதில்லை. பிளேக் மறந்துபோனாலும் இடைவெளி அங்கேயே இருக்கிறது.

ரயில்வேயில் இதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு, இன்டர்லாக்கிங். பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாவிட்டால் சிக்னலைக் கொடுக்கவே முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவரா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா, நேற்று விபத்துச் செய்தி படித்துப் பயந்திருக்கிறாரா என்பதை அந்தப் பூட்டு கேட்பதில்லை. எங்கள் விதிப் புத்தகத்தில் பல விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கும். விபத்து நடந்த புதிதில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். அது ஆறு மாதம் தாங்கும். அதற்குள் பூட்டுப் போட்டுவிட்டால் பிழைத்தோம்.

இதே ரயில்வேயின் குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. பெட்டியில் கை கழுவும் தொட்டிக் குழாயை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அழுத்திப் பிடித்தால்தான் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். தண்ணீர் வீணாகக்கூடாது என்று வைத்தது. நல்ல நோக்கம். ஆனால் ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையை மட்டும்தான் நனைக்கலாம்! இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவ மூன்றாவது கை வேண்டும். அப்படிப்பட்ட குழாய்கள் எத்தனையோ ஆயிரத்தை நான் ரிப்பேர் செய்து மாட்டியிருக்கிறேன். "நம் ஜனங்கள் கை கழுவ மாட்டார்கள்" என்று டெபோவில் டீ குடித்துக்கொண்டே சலித்தும் இருக்கிறேன். கழுவ முடியாத குழாயை மாட்டியவன் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

2020 ஜூலையில் கபூர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒரு மாதிரிப் பெட்டி செய்து காட்டியது. காலால் மிதித்தால் தண்ணீர், காலால் மிதித்தால் சோப்பு, கழிப்பறைத் தாழ்ப்பாளும் காலால். தாமிரம் பூசிய கைப்பிடிகள் வேறு. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து டெபோவுக்கு ஓடலாமா என்றிருந்தது. தாமிரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. திருட்டுப் போகும் என்பது என் அனுபவம். அந்தக் கால்மிதிக் குழாய் ஒன்றுக்காகவே அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு ஒரு சலாம். அதற்கப்புறம் நான் பயணம் செய்த வண்டிகளில் ஒன்றிரண்டில் அதைப் பார்த்தேன். மற்றவற்றில் பழைய குழாய்தான். 2020இல் நிறுத்திய கம்பளியும் தலையணையும் திரையும் 2022 மார்ச்சில் உத்தரவு போட்டு மீண்டும் வந்துவிட்டன. சௌகரியம் எப்படியும் திரும்பி வந்துவிடுகிறது.

தாராவியைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் நோயாளி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடத்தில் ஆறடி தள்ளி நில் என்றால் எங்கே நிற்பது? தாராவி சுடுகாடாகிவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். அந்தப் பேட்டை டாக்டர்களே முன்வந்தார்கள். பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் தனிமைப்படுத்தும் இடமாக்கி, இருப்பவர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு போட்டார்கள். நூற்றுக்கணக்கான பொதுக் கழிப்பறைகளை நாளைக்குப் பல தடவை மருந்தடித்துக் கழுவினார்கள். ஜூலைக்குள் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டும்படி ஆயிற்று. தாராவிக்காரனுக்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை என்று தெரிந்து தண்ணீரும் டாக்டரும் சோறும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவன் வீட்டில் குழாய் இருந்தால் அவனுக்கும் கை கழுவத் தெரியும்.

குழாயடியில் குடங்கள் நகர்ந்த கதையை விட்ட இடத்தில் தொடர்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் கைகுலுக்காமல் கும்பிடுவதைப் பற்றி நம் கூட்டங்களில் எவ்வளவு பெருமை! வாசலில் செம்பில் தண்ணீர் வைத்துக் கால் கழுவிய நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். செம்புத் தண்ணீர் நல்ல பழக்கம்தான், என் ஆச்சியும் வைப்பாள். ஆனால் அதே ஆச்சி வீட்டில், வயலில் வேலை செய்கிறவருக்குக் கொல்லைப்புறம் தனியாகச் சிரட்டையில் காபி ஊற்றியதையும் நான் சிறுவனாக இருந்து பார்த்தவன். "எட்டி நில்" என்ற வார்த்தை நம் ஊரில் சுகாதாரத்துக்காகப் பிறந்ததல்ல. 2020இல் எங்கள் கட்டடத்தில் வேலைக்கார அம்மாக்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏழாவது மாடி வரை படியேறி வந்த அந்த அம்மா மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்தேன். சரி, நோய்க்காலம். 2022இல் மாஸ்க் போயிற்று, சானிடைசர் போயிற்று, நோட்டீஸ் மட்டும் போகவில்லை. என் மனைவிதான் ஒரு நாள் காலையில் போய் அதைக் கிழித்தாள். கமிட்டியில் கேட்டபோது, "ஆமா, நாந்தான் கிழிச்சேன். 94ல எம் பிள்ளைய யாரும் சேத்துக்கல, அந்த வலி எனக்குத் தெரியும்" என்றாள். அவர்களுக்கு 94 என்னவென்று புரிந்திருக்காது. நோட்டீஸ் திரும்ப ஒட்டப்படவில்லை. நல்ல பழக்கம் நிற்க எவ்வளவோ பாடுபட வேண்டியிருக்கிறது. கெட்ட பழக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் போதும்.

இதெல்லாம் மற்றவர்களைப் பற்றி. இனி என்னைப் பற்றி.

2023 பொங்கல் விழா. இரண்டு வருடம் கழித்து நம் சங்கம் முழுக்கூட்டமாகக் கூடிய விழா என்று எல்லோருக்கும் உற்சாகம். எனக்கு மூன்று நாளாகத் தொண்டைக் கரகரப்பு, லேசான இருமல், முதல் நாள் ராத்திரி கொஞ்சம் காய்ச்சல். மனைவி "போகாண்டாம்" என்றாள். பந்திப் பொறுப்பு என்னுடையது, இத்தனை வருடத்தில் ஒரு விழாவும் தவறவிட்டதில்லை என்ற வீம்பு வேறு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாஸ்க் பையில்தான் இருந்தது. போட்டால் "என்ன, இன்னும் கொரோனாவா?" என்று கேலி செய்வார்களே என்று போடவில்லை. கேலி செய்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்ததால் அந்தக் கேலி எனக்கு நன்றாகத் தெரியும். பந்தியில் நம் சங்கத்து மூத்தவர் ஒருவர் பக்கத்தில் குனிந்து நின்று, மேளச் சத்தத்தில் காதில் விழவேண்டும் என்று கிட்டப் போய், நெல்லைக் கதையெல்லாம் பேசினேன். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். எண்பது வயதைத் தாண்டியவர், அந்தக் காலத்து மில் கிளார்க்.

ஐந்தாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில். ஒன்பது நாள் இருந்தார், மூன்று நாள் ஆக்ஸிஜனில். பிழைத்து வந்தார். ஆனால் முன்பு போல நடக்க முடியவில்லை; நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. அதற்குப் பிறகு நம் விழாக்களுக்கு அவர் வரவில்லை. முன்வரிசையில் கைத்தடியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர் எங்கே என்று கேட்டவர்களும் குறைந்துவிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். மருமகள் மாஸ்க் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். ஜன்னலோரமாக எனக்கு ஒரு நாற்காலி, அறையின் அந்தக் கோடியில் அவருக்கு ஒரு நாற்காலி. அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இருந்தது. தெரிஞ்சேதான் வந்தேன்" என்றேன்.

"விடும்வே. அங்க இருமுனது நீரு ஒருத்தரா? யாருகிட்ட இருந்து வந்ததுன்னு எவன் கண்டான்?" என்றார்.

எவன் கண்டான் என்பது உண்மைதான். எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது. ஆனால் ரயில்வேயில் விசாரணை நடந்தால், "வேறு காரணமும் இருந்திருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட மாட்டோம். என் பக்கத்துப் பூட்டு திறந்திருந்தது. அதை நான்தான் திறந்தேன்.

அதனால்தான் போன மாதக் கமிட்டியில் நான் அவ்வளவு கத்தினேன். வந்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு என்ன நிறப் பொன்னாடை என்பதற்கு நாற்பது நிமிடம். பந்திக் கூடத்து வாசலில் குழாய் போடுவதற்கு எட்டு நிமிடம், அதுவும் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்ற முடிவோடு. நம் கட்டடத்தில் சமையலறைக்குப் பின்னால் ஒரே ஒரு தொட்டி, ஒரே ஒரு குழாய், சுவரோடு ஒட்டிக் காய்ந்த ஒரு சோப்புத் துண்டு. விழாவுக்கு இருநூறு பேர் வருகிறோம். ஒருவர் ஒழுங்காகக் கை கழுவ இருபது விநாடி. வந்து விலகுவதோடு அரை நிமிடம் என்று வையுங்கள். இருநூறு பேருக்கு நூறு நிமிடம்! வடை ஆறிவிடும். அதனால்தான் யாரும் கழுவுவதில்லை. எட்டுக் குழாய் வைத்து ஒரு நீளத் தொட்டி கட்டினால் பதின்மூன்று நிமிடத்தில் முடியும். பந்திக்குப் போகும் வழியிலேயே கட்டினால், அதைத் தாண்டாமல் இலைக்குப் போக முடியாது. அதுதான் நம் இன்டர்லாக்கிங். மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் தாராளமாகப் போதும். வரைபடம் நான் போட்டுத் தருகிறேன், பிளம்பரோடு நின்று வேலையும் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடப் பொன்னாடைச் செலவை நிறுத்தினால் பணத்துக்கும் வழி உண்டு. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் போர்த்திய பொன்னாடையும் அந்த பீரோவில்தான் கிடக்கிறது.

ஏ.சி. போட்டபோது ஆணியடித்துச் சாத்திய ஜன்னல்களில் எதிரெதிராக நான்கையாவது திறக்கும்படி செய்து, இரண்டு எக்ஸாஸ்ட் விசிறி மாட்டினால் காற்றுக்கும் வழி பிறக்கும்.

மூன்றாவது காரியம்தான் கஷ்டம், அதற்குப் பிளம்பர் கிடையாது. அழைப்பிதழில் "அனைவரும் தவறாது வருக" என்று போடுகிறோமே, அதன் கீழே "காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வீட்டில் இருந்து தேறுக, பொங்கலும் வடையும் வீடு தேடி வரும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். சொன்னபடி டிபன் கேரியரை அனுப்பவும் வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த வருடம் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், நான் வந்த மாதிரி. வந்தே தீர வேண்டியவர் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் "இன்னும் கொரோனாவா?" என்று கேட்கக்கூடாது. கேட்கிறவர் வாயை யாராவது அடைக்க வேண்டும், அந்தப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன்.

"செலவு செய்துவிட்டுப் பிறகு அடுத்த நோய் வராவிட்டால்?" என்று கமிட்டியில் ஓர் அன்பர் கேட்டார். வராவிட்டால் நல்லதுதானே. சளியும் வயிற்றுப்போக்கும் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கும் அதே குழாய்தான், அதே ஜன்னல்தான்.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன், அவரைப் பற்றி எழுதுவதால் கேட்காமல் போடக்கூடாதே. பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தொட்டியின் வரைபடத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எட்டுக் கொழாயும் ஒரே உயரமால்லா போட்டிருக்கீரு. ஒண்ண மட்டும் இறக்கி வையும். உக்காந்துகிட்டே கழுவுத மாதிரி. சின்னப் பிள்ளையளுக்கும் எட்டும்."

எட்டாவது குழாயை இரண்டரை அடிக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் ஒரு ஸ்டூலுக்கு இடமும் வரைந்திருக்கிறேன். வரைபடம் செயலாளரிடம் இருக்கிறது.